கடலில்லாத நாட்டின் ஏற்றுமதி

ஆறாம் வகுப்பு படிக்கும் ஷ்ருதிக்குப் பள்ளியில் கொடுத்த ப்ராஜெக்ட், கடலில்லாத ஒரு நாட்டைப் பற்றியது. நிலம், மக்கள், பொருளாதாரம் மூன்றும் வர வேண்டும். நேபாளத்தைத் தேர்ந்தெடுத்தது அவள் அம்மா பிரபாவதி.

"கீழ வாட்ச்மேன் லோக்ராஜ் அந்த ஊர்க்காரர்தானே. அவரையே பேச வெச்சு வீடியோ எடுத்துடலாம். வேற யாரும் இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க."

வளைகுடா நகரமொன்றின் சத்வா பகுதியில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு லோக்ராஜ் தமாங் ஆறு வருடமாகக் காவல். சனிக்கிழமை காலை சீருடைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நின்றார். பிரபாவதி கைபேசியைப் பிடித்தாள். ஷ்ருதி இந்தியில் கேள்வி கேட்டாள்.

மலைகளைப் பற்றி ஆசையாகச் சொன்னார். கப்பல் சரக்கெல்லாம் இந்தியத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் மலையேறித்தான் வர வேண்டும். மழையில் பாதை சரிந்தால் தன் கிராமத்துக்குப் பத்து நாள் உப்புகூட வராது என்றார்.

"அப்போ உங்க நாட்டுலேர்ந்து என்ன எக்ஸ்போர்ட் ஆகுது, அங்கிள்?"

லோக்ராஜ் கொஞ்சம் யோசித்தார். "நாங்கதான், பேபி. தினமும் ஏர்போர்ட்ல வரிசையா ஏத்துறாங்க. போறப்ப எல்லாரும் சீட்ல உக்காந்து போறோம். சில பேர் பெட்டியில திரும்பி வர்றாங்க."

பிறகு கேட்காமலே சொன்னார். பன்னிரண்டு மணி நேர டூட்டி. வார லீவு இல்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம். மகளைப் பார்த்து மூன்று வருடம்.

ஷ்ருதிக்கு முதல் பரிசு கிடைத்தது. பெருமை தாங்காமல் பிரபாவதி வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டாள். நாலே நாளில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். காவல் கம்பெனிக்காரர்களும் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் லோக்ராஜ் கதவைத் தட்டினார். "மேடம், அதை எடுத்துடுங்க. ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டாங்க."

உடனே அழித்தாள். அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். மறுநாள் அவர் விசா கேன்சல் என்று தெரிந்தது.

"நாம போய் ஒரு வார்த்தை சொல்லலாம்ங்க. பேசச் சொன்னதும் நான், போட்டதும் நான்" என்றாள் கணவரிடம்.

பத்மநாபன் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "போய் நின்னா நம்ம மேலயும் கேஸ் வரும். நம்ம விசாவும் இன்னொருத்தன் கையிலதான் இருக்கு, பிரபா. கலாஸ், முடிஞ்சு போச்சு, விட்டுடு."

விட்டுவிட்டாள். அவர் சொன்னது அவளுக்கு அப்போது வசதியாகவும் இருந்தது. பின்னால் அவளைக் குடைந்தது அதுதான்.

லோக்ராஜை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்த மதியம், அவர் மகளுக்கென்று வாங்கிய உடுப்பையும் சாக்லேட்டையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். அவர் வாங்கவில்லை.

"வெயிட் ஜாஸ்தியாயிடும், மேடம்."

அவர் கையில் ஒரே ஒரு பைதான் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பேபிக்கு மார்க் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு."

"அச்சா" என்று வேனில் ஏறிக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த ஷ்ருதி, "அங்கிள் எங்கம்மா?" என்றாள்.

"லீவுல ஊருக்குப் போயிருக்கார்" என்றாள் பிரபாவதி. அந்தப் பொய்யை அவள் இன்றுவரை திருத்தவில்லை.