குளத்தங்கரையில் நின்ற இத்தாலி வண்டி

நேசமணி சொன்னது ஒரே ஒரு பேச்சு. "அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்." அதற்கப்புறம் கெஞ்சியும் பார்த்தாயிற்று, கோபித்தும் பார்த்தாயிற்று. மனிதர் அசையவில்லை.

மகள் ஸ்மைலினுக்கு நாளை மறுநாள் கல்யாணம். அவள் கேட்டது நகையா, பட்டா? அண்ணன் சிஜின் ரெண்டு வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கி வைத்திருக்கும் அந்தச் சிவப்பு இத்தாலி காரை அப்பா ஓட்ட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் சர்ச்சுக்குப் போக வேண்டும். நாகர்கோவிலில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவருக்கு இது பெரிய வேலையும் இல்லை. "அப்பா ஓட்டல்லன்னா நான் ஆட்டோவுல போயிருவேன்," என்று அவளும் ஒரே பிடியாக நின்றாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

நடுவில் கிடந்து அல்லாடியது பூங்கனிதான். புருஷன் முரண்டு பிடிக்கிற காரணம் அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். அவளும் கல்யாணப் பெண்ணாக இந்த வண்டியில்தான் போனாள். அன்றைக்கு இது இராஜாக்கமங்கலம் தேங்காய் வியாபாரி சுயம்புராஜின் வண்டி. அவர் அவளுடைய அப்பாவின் கூட்டாளி. "பிள்ளைக்கு நம்ம இத்தாலி வண்டியாக்கும்" என்று அவராகவே வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்தன்று காலையில் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான், அதில் இருப்பது ரெண்டே சீட்டு என்று எல்லோரும் கண்டார்கள். ஊர் முழுக்க அலைந்து கல்யாணம் சொன்னவர்களுக்கு, ஒரு நடை போய் வண்டிக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. திருப்பி அனுப்பினால் சுயம்புராஜின் முகம் சுண்டிப்போகுமே. அதனால் வீட்டார் எல்லாரும் வேனில் முன்னால் போக, பூங்கனி மட்டும் அவரோடு தனியாகப் பின்னால் போனாள். போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது.

தாலி கட்டின நாளிலிருந்து நேசமணி அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேற்று ஆணோடு தனியாக வந்தாளே என்கிற கடுப்பு என்று பூங்கனி எண்ணிக்கொண்டாள். ஆம்பளைகளுக்கு என்னதான் இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்று காலை முற்றத்துப் பந்தலில் சொந்தக்காரர்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். துபாயில் மெக்கானிக்காக இருந்து வந்த சிஜினுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் போதும்.

"முதல்ல இது திற்பரப்பு பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல இருந்த வெள்ளைக்கார மானேஜருக்க வண்டியாக்கும். அவரு ஊருக்குப் போவும்போ எஸ்டேட் டாக்டருக்குக் குடுத்தாரு. டாக்டருட்ட இருந்து சுயம்புராஜ் மாமா. மாமா செத்த பொறவு அவருக்க மகன் சஜின் இத தேங்கா களத்துல சாக்கு போட்டு மூடி வச்சிருந்தான். நான் போய் பாக்கும்போ சீட்டுல கோழி அடை கெடக்கு."

"ஏலே, ஒங்கம்மையும் இதுலதானே வந்தா?" என்றாள் நேசமணியின் அக்கா ராகேல்.

"அதுக்கும் ஒரு கதை உண்டு அத்தே. 'எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், வண்டியத் திருப்புங்க'ன்னு அம்மை வழியில ஒரே அழுகையாம். மாமா வண்டிய நிறுத்தி, ஒரு மணிக்கூறு சமாதானம் சொல்லியாக்கும் கூட்டிட்டுப் போனாராம். வண்டியத் தரும்போ சஜின் சொன்னான்."

எல்லாரும் சிரித்தார்கள். பந்தல்காலைப் பிடித்து நின்ற நேசமணி வீட்டுக்குப் பின்னால் போனார். சாயாத் தட்டோடு வந்த பூங்கனியின் காதில் அத்தனையும் விழுந்தது. பாவி மனுஷன். செத்தவரைத் திட்டக்கூடாதுதான், இருந்தாலும் பாவி மனுஷன். தட்டை யார் கையிலோ திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

நேசமணி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கதை ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"கல்யாணப் பந்தியிலயே அவரு சொல்லிச் சிரிச்சாரு. நான் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"என்ட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கப்பிடாதா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிப்போட்டா நான் என்ன செய்வேன்? வேண்டாம்னு அழுதவள கூட வச்சிருக்கோமேன்னு மனசுல கெடந்து அறுத்துட்டே இருந்து. ரெண்டு பிள்ளை பெறந்த பொறவும் போவல்ல. அதே சீட்டுல எம்பிள்ளைய வச்சு நான் எப்பிடி ஓட்டுவேன், சொல்லு."

பூங்கனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டா பக்கத்தில் படுத்திருந்தார்?

"நான் அழவும் இல்ல, திருப்பச் சொல்லவும் இல்ல. கொளத்தங்கரையில வண்டி நின்னுபோச்சு. 'எனக்க வண்டி நின்னதேயில்ல'ன்னு ஊரெல்லாம் பீத்தினவரு. 'வெளிய சொல்லிராத மக்கா, மானம் போயிரும்'னு என்னக் கும்பிட்டாரு. அப்பாவுக்குக் கூட்டாளியாச்சேன்னு நானும் சொல்லல்ல. இப்பிடி எனக்க தலையில கட்டுவாருன்னு கண்டேனா?"

"பின்னே எப்பிடி வந்தே?"

"தள்ளினேன்."

"யாரு?"

"நானாக்கும். அவரு ஸ்டியரிங்கப் பிடிச்சாரு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. பட்டுச்சேலையத் தூக்கிச் சொருகிட்டு அந்தக் கரை முழுக்க ஒத்தைக்குத் தள்ளினேன். எறக்கத்துல விட்ட பொறவுதான் இஞ்சின் பிடிச்சு. நீங்க அங்க காத்து நிப்பியளேன்னு எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. வர மனசில்லாதவளா வண்டியத் தள்ளிட்டு வருவா?"

நேசமணிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் முதலில் அவள் முகத்தைத் துடைத்தார்.

பிறகு நேரே முற்றத்துக்கு நடந்தார். "சாவியத் தாலே," என்று சிஜினிடம் கை நீட்டினார். பந்தலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஸ்மைலின் மட்டும் சந்தோஷத்தில் ஓடிவந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ கல்யாணத்தன்னைக்கி ஏறு மக்களே," என்றார் நேசமணி. "இப்போ அம்மை வரட்டும்."