முப்பத்தொன்றாம் தேதி வரை

2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. கரையில் தூறல்; கடல்மேல் காற்றெச்சரிக்கை.

1

இக்கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது என்பதை இதை எழுதுபவர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். பிழை செய்தவரும் அவரே: உதயா, வயது ஐம்பத்திரண்டு, மீனவர் சங்கத்தின் பதிவேட்டு எழுத்தர். சென்ற ஆண்டுதான் மாலை வகுப்பில் தரவுத்தளம் கற்றுச் சான்றிதழ் பெற்றார். (சான்றிதழை நீக்கிவிடலாமா? இருக்கட்டும்.)

தொடக்கம்: கடல் அன்று சீறிக்கொண்டு

வேண்டாம். உதயா கடலைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

2

கரை திரும்பாத படகுகளை வயர்லெஸ்ஸில் அழைக்க வேண்டும். அன்றன்று கைக்கு அகப்படும் வயர்லெஸ் செட்டை எடுத்துச் செல்வது மீனவர் வழக்கம். செட்டின் எண் பதிவேட்டில் மட்டுமே உண்டு. 29 முதல் 31 வரை புறப்பட்டவற்றை உதயா கேட்டார். கணினி பதினொரு படகுகளைத் தந்தது. வயர்லெஸ் பார்க்கும் மோகன்ராஜ் அழைக்கத் தொடங்கினார். அப்போது லோகுவின் மனைவி பூவம்மாள் வந்து நின்றார்.

"இன்னாக்கா, லிஸ்ட்ல எங்க வூட்டு போட்டு இல்லியாமே?"

"லோகு எப்பம்மா போனாரு?"

"இன்னிக்கு மூணே முக்காலுக்கு. இருட்டுல."

"இன்னிக்கும் சேர்த்துதானே கேட்டேன்?"

"உன் கம்ப்யூட்டருக்கு எத்தினி மணிக்கு விடியுது?"

(முதல் வரைவில் இக்கேள்வியை மோகன்ராஜ் கேட்டார். பூவம்மாளிடமிருந்து பறிப்பது நியாயமன்று.)

3

உதயா குழம்பினார். பிறகு விளங்கியது, அல்லது விளங்கியதாகத் தோன்றியது: மணி குறிக்காத தேதியைக் கணினி நள்ளிரவு பூஜ்ஜிய மணியாகக் கொள்கிறது. ஆகவே "31 வரை" என்பது 31 பிறந்த கணத்திலேயே முடிந்தது. அதன்பின் கடலேறிய எவரும் பட்டியலில் இல்லை.

முதல் திருத்தம்: ஒவ்வொரு பதிவிலும் மணியை நீக்கித் தேதியை மட்டும் ஒப்பிடுதல். ஒன்பது ஆண்டுப் பதிவுகளையும் கணினி ஒவ்வொன்றாகப் பிரித்தது. தேதிவாரியாக அடுக்கிய தேடல் பட்டியல் (இண்டெக்ஸ்) பயனற்றுக் கிடந்தது. திரையில் வட்டம் சுழன்றது.

"அக்கா, நம்பர் இல்லாம யாரக் கூப்பிடறது?" என்றார் மோகன்ராஜ்.

(லோகுவைப் பெயரால் தேடியிருக்கலாமே என்பார் வாசகர். குழம்பியவருக்கு அது தோன்றவில்லை.)

இரண்டாம் திருத்தம்: 29 தொடங்கி, நவம்பர் 1-க்கு முன். பதிவுகளின் மணியைத் தொடவே இல்லை. கண்ணிமைப்பதற்குள் இருபத்தாறு படகுகள். லோகு, ஏழாம் செட்.

4

மற்ற படகுகள் பதிலளித்தன. ஏழாம் செட் பதிலளிக்கவில்லை. காத்திருக்கையில்தான் இக்கதை எழுதப்படுகிறது.

"இன்னா எழுதிகினு கீற?" என்றார் பூவம்மாள்.

"இன்னிக்கு நடந்தத."

"அவரு வந்துட்டாருன்னு எழுதிடு."

"வராம எப்படிம்மா எழுதறது?"

"தப்பா எழுதறது உனுக்கு இன்னா புதுசா?"

லோகு கரைக்கு வந்து

(இவ்வாக்கியத்தின் எல்லையும் நவம்பர் 1-க்கு முன் என்றே வைக்கப்படுகிறது. நாள் இன்னும் மீதமிருக்கிறது. வாசகரே நிரப்புக.)

வயர்லெஸ்ஸில் ஏழாம் செட் கரகரத்தது. பூவம்மாள் எழுந்தார். பேனா நின்றபோது பிற்பகல் மணி 4.17.