கந்தர்வனுக்கு மஞ்சள் தொப்பி

படத்தைக் கெடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் நாவலைக் கெடுத்த பெருமை எனக்கு மட்டுமே உரியது.

ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. வாலாஜாபாத்திலிருந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும் பஸ்ஸில் பாண்டிச்செல்வி 'முகில்வாசல்' நாவலைச் சத்தமாக வாசிப்பாள். மேகத்திலிருந்து இறங்கிவரும் கந்தர்வனுக்கும் ஓடக்காரப் பெண்ணுக்கும் காதல். பாண்டிச்செல்விக்குக் கோவில்பட்டிப் பக்கம், கணீரென்ற குரல். புத்தகத்தை எடுத்தாளானால் டிரைவர் தசரதன் பாட்டை நிறுத்திவிடுவார். முழுதாக முடித்து, எல்லோரும் கேட்டதால் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

அது படமாக வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஆட்களை மொத்தமாகக் காஞ்சிபுரத்துக்குக் கிளப்பியவன் நான்.

"வேண்டாம் அண்ணாச்சி. புஸ்தகத்துல இருக்கதே போதும்" என்றாள் பாண்டிச்செல்வி.

நான் விடவில்லை. வனமாமலை கூட்டிப்போனான் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே.

கந்தர்வன் தெர்மாகோல் சிறகோடு இறங்கினான். கயிறு தெரிந்தது. ஓடத்தில் மோட்டார் வைத்திருந்தார்கள். "இன்டர்வெல்லுக்கு அப்புறம் சரியாயிரும்" என்றாள் பாண்டிச்செல்வி. இன்டர்வெல்லுக்கு அப்புறம் குத்துப்பாட்டு வந்தது. எல்லோரும் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டால் எனக்கு உதவிக்கு வருவது வாய் ஒன்றுதான்.

கதையில் பல வருடம் கழித்துத் திரும்பும் கந்தர்வன் ஓடக்காரப் பெண்ணிடம் ஒரே வார்த்தை கேட்பான்: "காத்திருந்தாயா?" பாண்டிச்செல்வி அதை வாசிக்கும்போது தசரதன் ஹார்ன்கூட அடிக்கமாட்டார். திரையில் அந்த நடிகர் இடுப்பில் கைவைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார். அசல் எங்கள் சூப்பர்வைசர் கோதண்டம், முறுக்கு மீசை உட்பட. மஞ்சள் தொப்பிதான் பாக்கி. நடிகர் வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் குரலில் நான் கேட்டுவிட்டேன்:

"இன்னாமா, டார்கெட்டு முட்சியா?"

எங்கள் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பாண்டிச்செல்வியும் சிரித்தாள். ஏதோ புண்ணியம் செய்த நினைப்பில் வெளியே வந்து வடை தின்றேன்.

மறுநாள் பஸ்ஸில், படம் பார்த்த கண்ணைக் கழுவ வேண்டும் என்று அவள் அந்த அத்தியாயத்தையே எடுத்தாள். அந்த வரிக்கு வந்ததுதான் தாமதம், பின்சீட்டிலிருந்து ஸ்ரீதர், "டார்கெட்டு முட்சியா?" என்றான். பஸ்ஸே குலுங்கியது. அவளும் சிரித்தாள். திரும்ப ஆரம்பித்தாள், திரும்பவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க தசரதனின் பாட்டுதான்.

கேன்டீனில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்ன தாயி, கதை வேண்டாமா?"

"அவன் மொகம் போயிட்டு அண்ணாச்சி. கண்ண மூடுனா கோதண்டம் சார்தான் வாராரு. தொப்பியோட."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"ஹாஸ்டல் ரூம்ல எட்டுப் பேரு. பாத்திரம், வாளி, எல்லாம் பொது. எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

அன்றைக்கு என் சாம்பார் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். லைனில் கோதண்டம் என்னைப் பார்த்து, "இன்னாபா, ஒடம்பு சரியில்லியா?" என்று அக்கறையாகக் கேட்டார். பாவம், அந்த மனுஷனையும் கந்தர்வனாக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் பஸ்ஸில் அவளிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். தசரதன் கண்ணாடியில் பார்த்து, "நீயா? வேணாம்பா, சிரிச்சிகினே வண்டிய உட்ருவேன்" என்றார். பாட்டை மட்டும் நிறுத்தினார்.

அதே அத்தியாயத்தை நிமிராமல் வாசித்தேன். அந்த வரி நெருங்க நெருங்க பஸ் என் வாயையே பார்த்தது. கோதண்டம் குரல் தொண்டையில் வந்து தயாராக நின்றது. அவ்வளவு சுலபமான சிரிப்பை நான் வாழ்க்கையில் விட்டதில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

"காத்திருந்தாயா?"

என் சொந்தக் குரல்.

"இன்னாண்ணா, டார்கெட்டு கேக்கல?" என்றான் ஸ்ரீதர். ஓரிருவர் சிரித்தார்கள். நான் சிரிக்காததால் அதுவும் அடங்கியது.

பாண்டிச்செல்வி ஜன்னலில் தலைசாய்த்து, கண்ணை மூடியிருந்தாள்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தொப்பியக் கழட்டிட்டாரு. மீச அப்படியேதான் இருக்கு. மேல படிங்க."

பக்கத்தைத் திருப்பினேன். அந்த மீசை எப்படிப்பட்ட மீசை என்று எனக்குத் தெரியும். லேசில் போகாது.