ஆறாவது தாள்

ஹாலோவே கை துடைக்கும் காகிதத்தில் கணக்குப் போடுவதைப் பார்த்ததும் நான் செய்த தவறு புரிந்தது.

அமெரிக்காவின் டொலீடோவில் கார் பாகம் செய்யும் ஆலை அது. நிர்வாகம் நன்றாக இருக்கும் இடத்தில் உற்பத்தியும் நன்றாக இருக்கிறதா என்று ஆலை ஆலையாகக் கேட்டு ஆராய்வது என் வேலை. தொழிலாளர்கள் பெயர் எழுதாமல் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் சராசரியை நாங்கள் வெளியிடுவதே இல்லை. யார் என்று தெரிந்துவிடும்.

போன மாதம் கொடுத்த அட்டவணையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவு இருந்தது. ஆறு பேர், சராசரி நான்கு. இந்த வாரம் ஆண், பெண் என்று பிரித்துக் கேட்டார்கள். பிரஸ் பிரிவு ஆண்கள் ஐந்து பேர், சராசரி 4.6. பெண்கள் வரியில் நட்சத்திரம் போட்டு மறைத்திருந்தேன். தனித்தனியே இரண்டுமே யோக்கியமான அட்டவணைகள்.

ஆலை மேலாளர் ஹாலோவே இரண்டையும் அருகருகே வைத்திருந்தார்.

"ஆறு நாலு இருபத்திநாலு. அஞ்சு பேருக்கு இருபத்திமூணு. மிச்சம் ஒண்ணு. 'ஆபத்துன்னு சொன்னா தலைமை காது கொடுக்குதா?'ங்கற கேள்விக்கு நம்ம பொம்பளை ஒருத்தி ஒண்ணு போட்டிருக்கா. சரிதானே, புரொபசர்?"

பிரஸ் பிரிவில் ஒரே பெண், வெர்னா லோமாக்ஸ். தாளின் பின்புறம் அவள் எழுதியதை நான் யாருக்கும் காட்டவில்லை: "பாதுகாப்புக் கதவு மூடினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். வேகத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்து, கதவு மூடியதை உணரும் சுவிட்சை டேப் சுற்றி அமுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்ன இருவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ், இந்த வேலையின் காப்பீட்டில்தான்."

பெயர் வெளியே வராது என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

"இரண்டாவது அட்டவணை தப்பு. வேற ஆலையோட தாள்கள் கலந்திருச்சு" என்றேன். இந்த வேலையில் பதினெட்டு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்.

ஹாலோவே டோனட்டைக் கடித்தபடி சிரித்தார். "அதுக்கென்ன? மறுபடி எடுத்துடலாம். இப்பவே. நானே தாள் குடுக்கறேன்."

தடுக்கப் பார்த்தேன். அவர் எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு பிரஸ் பிரிவுக்கு நடந்தார்.

பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. வெர்னா தகட்டை வைத்து, கையை எடுத்தாள். மேலிருந்து இருநூறு டன் இறங்கியது. கதவு விரியத் திறந்திருந்தது. பக்கத்துச் சுவிட்சில் சாம்பல் நிற டேப்.

மெஷினை நிறுத்தி, ஆறு பேருக்கும் தாளை ஹாலோவே கையாலேயே கொடுத்தார். ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்றார். வெர்னாவின் பின்னால் கொஞ்சம் அதிக நேரம்.

"என்னம்மா, பேனா எழுதலையா?"

"எழுதுது சார்."

என்னை அவள் ஒரே ஒரு முறை பார்த்தாள். நீயும் இப்படித்தானா என்று கேட்டது அந்தப் பார்வை.

ஆறு தாளிலும் ஐந்து. இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிக உயர்ந்த மதிப்பெண்.

"பாத்தீங்களா, எல்லாருக்கும் திருப்தி" என்று என் கையில் தாள்களைத் திணித்தார். கணக்குப் போட்ட காகிதத்தை மட்டும் கசக்கிப் போடாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின்னால் பிரஸ் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் என் விரல்கள் தாமாக மடங்கின.

காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன். புகார் போனால் ஹாலோவே முதலில் வெர்னாவைத்தான் பிடிப்பார். ஆனால் அந்த டேப்பை எனக்குக் காட்டியது யார்? அவரேதான் என்னை அங்கே கூட்டிப் போனார். நான் கண்ணால் பார்த்தேன்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தை அழைத்தேன். இனி எந்த ஆலையும் என்னை உள்ளே விடாது என்று தெரிந்தேதான் அழைத்தேன்.

போனை எடுத்தவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார்: "பயப்படாதீங்க மேடம். உங்க பேரு வெளியே வராது."

வெர்னாவிடம் நான் சொன்னதும் அதே வார்த்தைகள்.

"வேண்டாம், வெளியே வரட்டும்" என்றேன். "முதல் வரியிலேயே எழுதுங்க. நோரா பியர்ஸ்மா. நேர்ல பார்த்துப் புகார் சொல்றது நான் மட்டும்தான்."