கைக்கு வந்த கடிதம்

"நாவலாம் நாவல்! ழகரம் எது, ளகரம் எதுன்னு தெரியாத பிள்ளைங்ககிட்டப் போய்..."

"தெரியாதுன்னு யார் சார் சொன்னது? ஒரு நாளாவது முழுசா உக்காந்து..."

"நூத்திருபது பக்கம்! அதுலயும் வீட்டை விட்டுப் போன பொம்பளை கதை!"

"வீட்டை விட்டுப் போகல சார், வேலைக்குப் போனா. ரெண்டும் ஒண்ணா?"

"படிக்கிறவங்க அப்படித்தான் எடுத்துப்பாங்க."

"படிச்சது யாரு? நீங்களா?"

ஜகதீசன் கொண்டுவந்த பெட்டியைக் கீழே வைத்தார். படித்திருந்தால்தானே சொல்வார்.

தெருவில் தெலுங்கும் உருதுவும் கேட்கிற மௌலா அலி ரயில்வே காலனியில் தமிழ் மன்றத்துக்கென்று விட்ட ஒற்றை அறை அது. ஞாயிற்றுக்கிழமை காலை. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பிள்ளைகளும், பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்புகிற மாதிரி, டீச்சரையும் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இவ்வளவு நல்ல தமிழ் வகுப்பு அவர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

டீச்சர் என்றால் லூர்துமேரிதான். வாரத்தில் ஆறு நாள் ரயில்வே டிக்கெட் கவுண்டர், ஏழாவது நாள் இந்தக் கரும்பலகை. ஜோலார்பேட்டையிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம், இவள் பிறந்ததே இந்தக் காலனியில். கவுண்டருக்கு வெளியே எத்தனை பேர் கத்தினாலும் சில்லறையைச் சரியாகக் கொடுத்து அனுப்புகிறவளுக்கு ஒரு ஜகதீசன் எம்மாத்திரம்?

ஜகதீசன் குஷாய்குடாவில் இருக்கிறார். அங்கே இருக்கும் பெரிய கம்பெனியில் அதிகாரி, மன்றத்துக்குச் செயலாளர். இன்று அவர் கையோடு ஒரு அட்டைப்பெட்டி வந்திருந்தது. பெட்டி நிறைய தேர்வு வழிகாட்டி. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, லூர்துமேரி நகலெடுத்து வைத்திருந்த நாவல் கட்டுகளைக் காலிப் பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவதாகத் திட்டம்.

"மார்ச்சுல பரீட்சை. சர்ட்டிஃபிகேட் வரணும். முப்பது கேள்வி, முப்பது பதில். மனப்பாடம் பண்ணினா முடிஞ்சுது."

"முடிஞ்சுதான் போகும் சார். போன வருஷம் அப்படித்தான் எல்லாரும் பாஸ் பண்ணாங்க. அதுல ஒரு பிள்ளை தமிழ்ல தண்ணி கேக்குமா?"

"நாவல் படிச்சா கேக்குமா?"

"கேக்கும்."

"எம்பொண்ணு உங்க வகுப்புக்கு வந்து நாலு மாசம் ஆச்சு." கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த சுஷ்மாவைக் கை காட்டினார். "வயசு பதினாலு. நான் தமிழ்ல கேப்பேன், அவ தெலுங்குல சொல்லுவா. மீறினா இங்கிலீஷ். சொந்தமா ஒரு வாக்கியம் தமிழ்ல எங்கிட்டப் பேசினதில்ல. இன்னிக்கு வகுப்பு முடியறதுக்குள்ள அவ வாயால, யாரும் சொல்லிக்கொடுக்காம, தமிழ்ல ஒரு கேள்வி கேக்கட்டும். பெட்டியைத் தூக்கிக்கிட்டு நான் வந்த வழியே போறேன். இல்லாட்டி இந்தக் கட்டு என்னோட வரும். சரியா?"

"ஹவ், சரி" என்றாள் லூர்துமேரி. யோசிக்கவேயில்லை. சொன்ன பிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். சுஷ்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, சொன்னது சொன்னதுதான்.

அவள் வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகளுக்கு மூச்சு நிற்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள். மேலே என்ன ஆச்சு என்று தெரிய வேண்டுமானால் யாராவது தமிழில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்விதான் டிக்கெட். டிக்கெட் எடுத்தால்தான் வண்டி நகரும்.

"சலீம், நீ படிப்பா. விட்ட இடத்துலேர்ந்து."

சலீம் எழுந்து எழுத்தெழுத்தாகக் கூட்டினான். "பன்னிரண்டு வருடம் பேச்சு இல்லாத அண்ணன் வாசு... எழுதிய கடிதம்... ஒரு வழியாக வேதவல்லியின் கைக்கு வந்தது." நிறுத்தினான். நெற்றியைச் சுருக்கினான். "டீச்சர், புக்ல மிஸ்டேக். கேள்விக்குறி போடல."

"எதுக்குடா கேள்விக்குறி?"

"கேக்கறாங்கல்ல டீச்சர். லெட்டர் கைக்கு வந்தது? ஏன் வந்துச்சு?"

அறை கொல்லென்று சிரித்தது. ஜகதீசன் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டீங்களா! கைக்குன்னா ஏன்னு அர்த்தமாம்! தெருவுல பேசற உருதுவைக் கொண்டாந்து தமிழ்ல ஒட்டறான். இதுக்குத்தான் முதல்ல அரிச்சுவடின்னு..."

"இருங்க சார்." லூர்துமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். "சலீம் சொன்ன கைக்கு, நாம கடையில பேசறது. கைக்குன்னா ஏன். வேதவல்லியோட கைக்கு இது." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அவ கையில வந்து சேர்ந்துச்சு. இப்ப சலீம் கேக்கறது நல்ல கேள்வி. பன்னிரண்டு வருஷம் பேசாதவர் இப்ப எதுக்கு எழுதறார்? ரெண்டையும் சேர்த்துக் கேட்டா எப்படி வரும்?"

"கடிதம் கைக்கு கைக்கு வந்தது!" என்று கூவினாள் ஷர்மிளா. அடுத்த நிமிடம் ஒன்பது பேரும் அதையே பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுஷ்மாகூட உதட்டை அசைத்தாள். ஜகதீசன் மட்டும் பெட்டியின் ஒட்டுநாடாவை உரித்துக்கொண்டிருந்தார். பாதியில் கை நின்றது, பிறகு மறுபடி உரித்தது.

"போதும், போதும். லெட்டர் வந்தாச்சு. அவ என்ன செய்வா? சொல்லுங்க."

"கிழிச்சுப் போடுவா!"

"அழுவா!"

"ஃப்ரிட்ஜ் மீத பெட்டேஸ்துந்தி" என்றாள் சுஷ்மா, யாரையும் பார்க்காமல்.

ஃப்ரிட்ஜ் மேலே வைத்துவிடுவாளாம். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். கதையில் வேதவல்லி இருப்பது ஒற்றை அறை வாடகை வீடு, குடம் வைக்கவே இடம் கிடையாது. "ஃப்ரிட்ஜ் எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்று ஷர்மிளா திரும்பிக் கேட்டாள். ஜகதீசன் சிரிக்கவில்லை. "பதில் தெலுங்குல, கவனிச்சீங்களா?" என்று மட்டும் சொன்னார். அதில் பழைய காரம் இல்லை.

லூர்துமேரி கவனித்தாள். ஆனால் அவள் கவனித்தது தெலுங்கை அல்ல. நாலு மாதத்தில் சுஷ்மா தானாக வாய் திறந்தது இதுவே முதல் தடவை.

அவளே மேலே படித்தாள். வேதவல்லி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அண்ணன் கையெழுத்துதான். இவள் பெயருக்குப் பக்கத்தில் பழைய செல்லப் பெயரையும் எழுதி, பிறகு அடித்திருக்கிறார். அடித்த மையின் கீழே அந்தப் பெயர் இன்னும் தெரிகிறது. வேதவல்லி உறையின் ஓரத்தில் விரலை வைக்கிறாள்...

டப்பென்று புத்தகம் மூடியது.

"டீச்சர்! நக்கோ டீச்சர்!"

"மூடாதீங்க டீச்சர்!"

"டிக்கெட்" என்றாள் லூர்துமேரி.

"வேதவல்லி... லெட்டர்... ஓப்பன்?" என்று இழுத்தாள் ஷர்மிளா.

"இது பிளாட்ஃபாரம் டிக்கெட். வண்டியில ஏற முடியாது."

ஜகதீசன் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணரை. வகுப்பு முடிஞ்சுது, மேரியம்மா. நான் சொன்னது சொன்னதுதான்." வழிகாட்டிகளை மேஜை மேல் கொட்டினார். நாவல் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். சலீம் தன் நகலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். லூர்துமேரி நகரவில்லை, தடுக்கவுமில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவர் கவுண்டருக்கு வந்து சேரும்வரை காத்திருந்து பழகியவள் அவள்.

"சுஷ்மா, எழுந்திரு. போலாம். உன் புக்கையும் கொடு."

சுஷ்மா எழுந்தாள். புத்தகத்தைக் கொடுக்கவில்லை. டீச்சரைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள். முதலில் உதடு மட்டும் அசைந்தது, வாக்கியத்தை உள்ளேயே ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிற மாதிரி. பிள்ளைகள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அடுத்த கட்டுக்கு நீண்ட ஜகதீசனின் கை பெட்டிக்கு மேலேயே நின்றது.

"பெரியப்பா போட்ட லெட்டர் உங்க கைக்கு வந்துச்சுல்ல, அப்பா? நீங்க ஏன் அதைப் பிரிக்காம ஃப்ரிட்ஜ் மேல வெச்சீங்க?"