உள்ளங்கை தெரியாத ஆழம்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவர் சலோமி, சிரிக்க வைத்தது என் முதல் வரி. மண்டபத்தூர்ப் பக்கம், ஆறு கடலோடு சேருமிடத்தில் இறால் குட்டை வைத்திருப்பவர் அவர். கோவில்பத்தில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த நான், அவருடைய குட்டைக்கரையிலேயே நின்றுகொண்டு, எழுதி வைத்திருந்ததைப் பெருமையாக வாசித்தேன்.

கண்ணாடிபோல் தெளிந்திருந்தது குட்டை நீர். அதைப் பார்த்த சலோமியின் மனமும்

(வரி இங்கேயே நிற்கிறது. மேலே வாசிக்க அவர் விடவில்லை.)

"அடி தெரியற மாதிரி தெளிஞ்சா, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காதுங்க," என்றார்.

2.

இரண்டாவது தொடக்கம். (கதைக்குள் அவரை 'அவள்' என்கிறேன். அனுமதி வாங்கியாயிற்று.)

இறால் குஞ்சு விட்டு அறுபத்தைந்தாம் நாள் காலையில் சலோமி குட்டையில் கையை விட்டாள். முழங்கை நனைவதற்குள் உள்ளங்கை மறைந்துவிட வேண்டும். அதுதான் அவளுடைய அளவுகோல்.* அன்று மறையவில்லை, ரேகைகூடத் தெரிந்தது. மூன்று நாள் மழையில் உப்பு இறங்கி, நீருக்குப் பச்சை நிறம் தந்த நுண்பாசி மொத்தமும் செத்திருந்தது. பாசி இல்லையென்றால் பகலில் நீருக்குள் மூச்சுக்காற்று ஊறாது. செத்த பாசி அழுகும்போது இருக்கிற காற்றையும் தின்றுவிடும். பிறகு இறால் மேலே வந்து மிதக்க வேண்டியதுதான்.

*கருவியும் இருக்கிறது, டப்பாவுக்குள் பத்திரமாக. கை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

வைத்தியம் எளிது. பாலை உறையூற்ற அடுத்த வீட்டில் மோர் வாங்குவதுபோல, பக்கத்துக் குட்டையில் நாலு டிரம் பச்சைத் தண்ணீர் வாங்கி ஊற்றுவார்கள். இரண்டு மூன்று நாளில் நிறம் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் குட்டை சிலம்பரசனுடையது. ஐந்து வருடமாக மாறி மாறிக் கொடுத்து வாங்குகிறவர்கள். போன் செய்தாள்.

"இன்னிக்கு வேணாம்க்கா," என்று சொல்லி வைத்துவிட்டான்.

3.

இந்த இடத்தில் சிலம்பரசனை வில்லனாக்கி அரைப் பக்கம் எழுதினேன். பொறாமை, வரப்புத் தகராறு, அவன் உதட்டோரத்தில் ஒரு

அடித்துவிட்டேன். ஐந்து வருடம் தண்ணீர் கொடுத்தவன் ஒரே காலையில் கெட்டவனானால் அது என் சோம்பேறித்தனம், அவன் குணமல்ல.

சலோமிக்கும் முதலில் என் புத்திதான் போயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, நீரைக் கடைந்து காற்றேற்றும் நாலு ஏரேட்டரையும் ஓடவிட்டாள். பதினோரு மணிக்கு அவனே வந்தான். கரை முனையில் கால் நனைக்க ஊதா மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு, ஒரு குட்டையின் நோய் இன்னொன்றுக்குக் காலோடு வராமலிருக்க. எப்போதும் அதில் காலை நனைத்துவிட்டு ஏறி வந்து, கேட்காமலே பிளாஸ்கைத் திறக்கிறவன், அன்று தொட்டிக்கு அந்தப் பக்கமே நின்றான். டீ குடிக்கக் கூப்பிட்டாள். வேண்டாமென்று தலையாட்டினான்.

அவனுக்குப் பின்னால், அவனுடைய குட்டையோரத்தில் ஏகப்பட்ட காக்கைகள். கரையொதுங்குகிற இறாலைத் தவிரக் காக்கைக்கு அங்கே வேலையில்லை.

வெள்ளைப்புள்ளி நோய், தண்ணீரோடு பரவிக் குட்டையையே காலி செய்வது. சலோமிக்கு எல்லாம் புரிந்தது. தண்ணீரைக் கொடுத்திருந்தால் அவன் குட்டையில் நோய் என்பது வெளியே தெரிந்திருக்காது. அவளுடைய இறாலும் சாகும், அவள் மழையைக் குற்றம் சொல்லியிருப்பாள். காலையில் திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் வெட்கப்பட்டாள்.

"மதகைத் தொறந்துட்டியா, சிலம்பு?"

"இன்னும் இல்லக்கா. மூணு மணிக்குத்தான் ஆத்துல தண்ணி எறங்கும், அப்பத் தொறக்கணும். மருந்து போட்டு நிறுத்தலாம்னா, கையில ஒரு மூட்டைகூட இல்ல."

அவன் மதகு திறந்தால் அந்த நீர் வாய்க்காலுக்குப் போகும். அடுத்த கடலேற்றத்தில் ஒன்பது குட்டைக்காரர்கள் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்க மோட்டார் போடுவார்கள். கிருமியைக் கொல்லப் பிளீச்சிங் பவுடர் வேண்டும். சலோமியிடம் பத்து மூட்டை இருந்தது. ஆற்று நீரைத் தேக்கிச் சுத்தம் செய்து தன் குட்டைக்கு மாற்ற அவள் வைத்திருந்தது. அதையும் கொடுத்துவிட்டால் அவளுக்கு மிச்சம் ஏரேட்டர்கள்தான்.

4.

முடிவு ஒன்று: மூட்டையைக் கொடுக்கிறாள், இரண்டு குட்டையும் பிழைக்கின்றன. கிழித்தேன். வெள்ளைப்புள்ளி வந்த குட்டை பிழைக்காது. இறாலுக்குப் புண்ணியக் கணக்கும் தெரியாது.

முடிவு இரண்டு: மூன்று மணிக்கு அவன் மதகைத் திறந்துவிடுகிறான். இதை நிஜ சலோமியிடம் வாசித்தேன்.

"தொட்டியையே தாண்டாதவன் மதகை எப்படிங்க தொறப்பான்?" என்றார். அதையும் கிழித்தேன்.

நான் எழுதி முடித்தது இவ்வளவு. அவள் பத்து மூட்டையையும் தொட்டிவரை இழுத்து வந்து அந்தப் பக்கம் தள்ளினாள். அவன் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிப் போனான். மூன்று மணிக்கு ஆற்றில் தண்ணீர் இறங்கியது. மதகு மூடியே இருந்தது. நாலு நாள் தாக்குப்பிடித்தால் பாசி தானே திரும்பலாம்.

ஐந்தாம் நாள் காலை அவள் கையை விடுவாள். அந்தக் கை உங்கள் பொறுப்பு. முதல் வரியில் தெளிந்த நீரை நானும் நீங்களும் அழகென்றுதான் நினைத்தோம். இப்போது முழங்கை நனைகிறது, நீங்கள் குனிந்து பார்க்கிறீர்கள், உள்ளங்கை தெரிந்துவிடக் கூடாதே என்று.