நாலரை மணிச் சாப்பாடும் சுங்கக் காமிராவும்

ஐவின் வீட்டிலிருந்து என் வீட்டுக்குக் காரில் நான்கு நிமிடம். நடுவே ஒரு சுரங்கச்சாலை. அதன் வாயில்தான் இந்த வசந்தத்தில் சுங்கக் காமிராவை மாட்டினார்கள். காசு வாங்க ஆளும் கிடையாது, தடுப்புக்கட்டையும் கிடையாது. கார் கீழே போனால் போதும், பில் வீடு தேடி வந்துவிடும். ஒரு தடவைக்கு இருபத்திரண்டு குரோனர். மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை நாற்பத்துநான்கு. ஊரே வேலை முடிந்து சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் நேரம் அது. யோசித்தவன் மூளைக்காரன்தான்.

நான் ரைடூன். ஸ்தவாங்கர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையில் மீன் கவுன்ட்டரில் நிற்கிறேன். விலைவாசியைத் தெரிந்துகொள்ள எனக்குப் பேப்பர் வேண்டியதில்லை. "நல்ல பெரிய துண்டா குடு" என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது கண்ணாடிக்கு வெளியே நின்று மீனை நலம் விசாரித்துவிட்டு, டப்பாவில் அடைத்த மீன் உருண்டையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நானே கரண்ட் பில்லைப் பார்த்து மிரண்டு, போன வருடம் காரை விற்றுவிட்டேன்.

ஐவின் குழாய் ரிப்பேர்க்காரன். வயது அறுபத்திரண்டு, மனைவி போய்ப் பத்து வருடம். எட்டு வருடமாக வியாழக்கிழமை நாலரை மணிக்கு என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. எங்களுக்குள் இருப்பதற்கு நாங்கள் பெயர் வைத்ததில்லை. "வியாழக்கிழமை" என்போம், அவ்வளவுதான்.

காமிரா வந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. ஐவின் எழுந்து நின்றான். "அந்தக் காமிராவ இறக்குற வரைக்கும் என் வண்டி அதுக்குக் கீழ போகாது!" ஒரே கைதட்டல். அன்றைக்கே அவனைத் தலைவனாக்கி, மறுநாள் பேப்பரில் படமும் போட்டுவிட்டார்கள். நானும்தான் கை தட்டினேன். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவள் நான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே என் மண்டையில் உறைத்தது.

அடுத்த வியாழனிலிருந்து அவன் ஏரியைச் சுற்றி, காட்டுப்பாதை வழியாக வந்தான். நாற்பது நிமிடம்.

"ஏன்யா, டீசலுக்கு யாரு குடுக்கிறது? ராஜாவா?"

"டீசல் காசு வேற, ரைடூன். இது கொள்கை."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

நவம்பரில் அந்தப் பாதையின் சொந்தக்காரரான தூர்மூட் மீன் வாங்க வந்தார். "உங்க ஐவின் மாதிரி நேர்மையான ஆளப் பாக்க முடியாதும்மா. வாராவாரம் கவர்ல வண்டி நம்பர எழுதி, அம்பது குரோனர வச்சு, பெட்டியில போட்டுட்டுத்தான் போறான்" என்றார்.

தனியார் காட்டுப்பாதைகளின் முகப்பில் அப்படி ஒரு பெட்டி இருக்கும். யாரும் பார்க்காவிட்டாலும் போட்டுவிட்டுத்தான் போவோம். போடாமல் போனால் அன்றிரவு தூக்கம் வராது, எங்கள் ஜாதகம் அப்படி.

அந்த வியாழன் சூப்பை வைத்தபடியே கேட்டேன். "சுங்கம் குடுக்கக் கூடாதுன்னு சுத்தி வந்து, அதவிட அதிகமா சுங்கம் குடுக்கிறியாமே?"

காது சிவந்துவிட்டது அவனுக்கு. "அது தூர்மூட் ரோடு. சரளை கொட்டினது அவரு. மேல ஏறி நின்னு என்னப் படம் புடிக்கலையே."

வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் டிசம்பர் பிறந்ததும் பனி கொட்டியது, தூர்மூட் பாதைக்குச் சங்கிலி போட்டுவிட்டார். ஐவின் போன் செய்தான்.

"பாதைய மூடியாச்சு ரைடூன். ஏப்ரல்ல தெறப்பாங்களாம். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க."

ஏப்ரல்! அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. காட்டுப்பாதைக்கு ஐம்பது கொடுப்பான், எனக்காக அந்தக் காமிராவுக்கு நாற்பத்துநான்கு கொடுக்க மாட்டான். அவ்வளவுகூடப் பெறாதவளா நான்?

"வர்ற வியாழன் எனக்கு அறுபது முடியுது" என்றேன். "நாலரைக்கு உருளைக்கிழங்கு மேசையில இருக்கும். நீயும் இருந்தா சரி. இல்லேன்னா இனிமே நமக்கு வியாழக்கிழமையே வேண்டாம்."

"அன்னிக்குத்தான் காமிராவுக்கு எதிரா கார் ஊர்வலம். நாந்தானே முன்னாடி போகணும்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

கடையில் கல்லாவில் நிற்கும் மோல்ஃப்ரிட் சமாதானத்துக்கு வந்தாள். "ஆறு மணிக்கு வரச் சொல்லேன்டி. ஊர்வலமும் முடிஞ்சிரும், ரேட்டும் பாதி."

"அவ்வளவு நேரங்கழிச்சுச் சாப்பிட நாங்க என்ன ஸ்பெயின்காரங்களா? ரேட்டா இப்ப பிரச்சினை?"

ஊர்வலத் திட்டம் இதுதான். நாற்பது கார்கள் வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து வரும். சுரங்கத்துக்கு முன்னால் உள்ள ரவுண்டானாவில் திரும்பி அப்படியே வந்த வழி போய்விடும். காமிராவுக்கு ஒரு பைசா கிடைக்காது.

வியாழன் வந்தது. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மேசையில் இரண்டு தட்டு வைத்தேன், ஒன்றை எடுத்தேன், மறுபடி வைத்தேன். நாலேகாலுக்கு ரவுண்டானாவில் வேடிக்கை பார்க்கப் போயிருந்த மோல்ஃப்ரிட் போன் செய்தாள்.

"அடியே, வந்துட்டாங்க! உன் ஆளு முன்னாடி, கொடியெல்லாம் கட்டி, மாட்டு வண்டி வேகத்துல வர்றான். ரவுண்டானாக்குள்ள பூந்துட்டான்... ஐயையோ!"

"என்னடி ஆச்சு?"

"திரும்பல! நேரா சுரங்கத்துக்குள்ள போயிட்டான்! ரெண்டாவது வண்டியும் போகுது... மூணாவதும்... அடக் கடவுளே, எல்லாரும் போறாங்கடி!"

முன்னேர் போன வழியே பின்னேர். தலைவர் திட்டத்தை மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று, நல்ல பிள்ளைகளாக, இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக நாற்பது கார்களும் இரட்டைக் கட்டண நேரத்தில் காமிராவுக்குக் கீழே போயிருக்கின்றன.

நாலரைக்குக் கதவைத் திறந்தால், தெரு முழுக்கக் கார் விளக்கு. மஞ்சள் உடுப்பும் பதாகையுமாக ஆட்கள் இறங்கினார்கள்.

"ஐவின், இது யாரு வீடு? மந்திரி வீடா?" என்று ஒருவர் கேட்டார்.

ஐவின் என் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான், கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கியபடி. என்னைப் பார்த்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினான்.

"இது ரைடூன் வீடு. இன்னிக்கு இவளுக்கு அறுபது. நான் இவ வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். வாராவாரம் வர்றவன், எட்டு வருஷமா. நீங்க ஏன் பின்னாடியே வந்தீங்கன்னு எனக்குத் தெரியல."

அவன் பேச்சை நம்பி, அவனுக்குப் பின்னால் வந்து, ஆளுக்கு ஒரு பில் வாங்கிக்கொண்ட கூட்டம். அடிக்க வருவார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

கடைசியில் பின்வரிசையில் ஒரு அம்மாள் பதாகையைப் பனியில் குத்தி நிறுத்தினாள். "நாப்பத்துநாலு குரோனர் போச்சு. பாட்டாவது பாடிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தாள். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

உள்ளே உருளைக்கிழங்கு குழைந்து களியாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. படியிறங்கி ஐவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வருடத்தில் ஊர் பார்க்க அதுதான் முதல் தடவை.